ஒட்டும் முன் கம்பைல்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: ஏஐ எழுதிக் கொடுக்கும் நிரலை அப்படியே ப்ராஜெக்டில் சேர்க்கலாமா? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பாலிடெக்னிக்கில் சி, ஜாவா பாடம் நடத்திவிட்டு இப்போது ஒரு சிறு நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கிறவள் நான். அதனால் உதாரணங்கள் ஜாவா பக்கமே சாயும். புதியவர்களுக்கு ஒரு வரி: எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது கம்பைல், அதைச் செய்யும் மென்பொருள் கம்பைலர்.

கேள்வி: அக்கா, கோவையில் சின்ன கம்பெனி ஒன்றில் ஜூனியர் டெவலப்பராக இருக்கிறேன். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதிய ஸ்டாக் மென்பொருள். வாடிக்கையாளர் விவரத்துக்கு ஒரு புது என்டிட்டியும் (டேட்டாபேஸ் அட்டவணைக்கு இணையான கிளாஸ்), லாகின் பாதுகாப்பும் சேர்க்க ஏஐயிடம் கேட்டேன். ஆறு ஃபைல் கொடுத்து, "இது அப்படியே கம்பைல் ஆகும்" என்றும் சொன்னது. எல்லாவற்றையும் ஒட்டி பில்ட் கொடுத்தால் திரை முழுக்கச் சிவப்பு. எது பழையது, எது புதியது என்று பிரித்தெடுக்கவே ராத்திரி ஆகிவிட்டது. கம்பைல் ஆகும் என்று அது ஏன் சொன்னது? ஒட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

தம்பி, நீங்கள் பேசிய அந்தச் சாட் திரைக்குப் பின்னால் ஜாவா கம்பைலர் எதுவும் ஓடவில்லை. படித்துவைத்த கோடிக்கணக்கான வரிகளின் பழக்கத்தில், இந்த இடத்தில் அடுத்து என்ன வரும் என்று கணித்து எழுதுகிறது. "அப்படியே கம்பைல் ஆகும்" என்ற வாக்கியமும் அதே கணிப்பில் வந்ததுதான். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன சாட்சியாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். டெர்மினலோடு இணைந்த ஏஜென்ட் கருவிகள் உண்மையிலேயே கம்பைலரை ஓட்டும். அங்கேயும் எந்த ஜாவா வெர்ஷனில் ஓட்டியது, உங்கள் டிபெண்டன்சிகள் (ப்ராஜெக்ட் நம்பியிருக்கும் வெளி லைப்ரரிகள்) அங்கே இருந்தனவா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய எரர் பட்டியலில் முதல் வரி, "ஜாவாஎக்ஸ் டாட் பெர்சிஸ்டன்ஸ் என்ற பேக்கேஜ் இல்லை" என்பது. காரணம் அதிலேயே இருக்கிறது. ஜாவாவின் எண்டர்பிரைஸ் பகுதியை ஆரக்கிள் நிறுவனம் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தபோது, ஜாவாஎக்ஸ் என்ற பெயரிலேயே அதை வளர்த்துக்கொண்டு போக அனுமதி கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பேக்கேஜ்கள் எல்லாம் ஜகார்த்தா என்று பெயர் மாறின. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3.0 அந்தப் புதுப் பெயர்களுக்கு மாறியது. குறைந்தது ஜாவா 17 வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் எழுதப்பட்ட பாடங்கள், கேள்வி–பதில்கள், மாதிரி ப்ராஜெக்டுகள் எல்லாம் பழைய பெயரில்தான் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றைப் படித்து வளர்ந்த மாடல் பழைய பெயரை எழுதுவதில் வியப்பில்லை. உங்கள் இரண்டாவது எரரும் அதே குடும்பம்தான். வெப் செக்யூரிட்டி கான்ஃபிகரர் அடாப்டர் என்ற கிளாஸை ஸ்பிரிங் செக்யூரிட்டி 5.7இல் கைவிடுவதாக அறிவித்து, 6.0இல் எடுத்தேவிட்டார்கள். ஏஐ எழுதிய லாகின் பகுதி முழுவதும் அந்த இல்லாத கிளாஸின் மேல் நிற்கிறது.

இனிமேல் கேட்கும்போதே "ஸ்பிரிங் பூட் 3, ஜாவா 17" என்று சொல்லிக் கேளுங்கள். பாதித் தொல்லை குறையும். சோதனை மட்டும் எப்படியும் வேண்டும்.

இப்போது வழிக்கு வருகிறேன். வேலை செய்யும் ஃபோல்டரில் ஒட்டாதீர்கள். நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் ஒர்க்ட்ரீ என்று ஒரு வசதி இருக்கிறது. 2015இல் வந்த கிட் 2.5 முதல் உண்டு. "கிட் ஒர்க்ட்ரீ ஆட்" என்று எழுதி, ஒரு பாதையையும், "பி" விருப்பத்தோடு புது பிராஞ்ச் (தனிக் கிளை) பெயரையும் கொடுத்தால், அதே ரெப்போவின் (கிட் களஞ்சியத்தின்) இன்னொரு பிரதி பக்கத்து ஃபோல்டரில் விரியும். வரலாறு ஒன்றுதான், ஃபைல்கள் தனி. கிட் கண்காணிக்காத உங்கள் பாஸ்வேர்டு ஃபைல்கள் அந்தப் பிரதிக்கு வராது. அது ரொம்ப நல்லது. ஏன் என்று மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

அந்தப் பிரதியில், எதையும் சேர்க்கும் முன், வெறுமனே ஒருமுறை கம்பைல் கொடுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏற்கெனவே உடைந்து கிடந்த பில்டின் பழி புது நிரலின் தலையில் விழுந்து, இல்லாத தவறைத் தேடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் பிரதி சுத்தமாக கம்பைல் ஆனால்தான் அடுத்து வரும் எரர் புது நிரலுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

ஏஐ கொடுத்தது பேட்ச் வடிவில், அதாவது மாறும் வரிகளின் பட்டியலாக, இருந்தால், கிட் அப்ளை கட்டளைக்கு "செக்" விருப்பத்தைக் கொடுங்கள். பேட்ச் பொருந்துமா என்று மட்டும் சொல்லும், எந்த ஃபைலையும் தொடாது. ஏஐ எழுதும் பேட்ச்களில் வரி எண்ணிக்கை அடிக்கடி பிசகுவதால் பாதி இங்கேயே விழுந்துவிடும். பொருந்திவிட்டால் சேர்த்து, மேவன் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தும் ப்ராஜெக்டுக்கு "கிளீன் டெஸ்ட்-கம்பைல்" கொடுங்கள். வெறும் கம்பைல் என்றால் மெயின் நிரலோடு நின்றுவிடும். மெத்தடுக்கு ஏஐ ஒரு அளவுருவைக் கூட்டியிருந்தால், பழைய மாதிரி அழைக்கும் டெஸ்ட் ஃபைல்கள் உடைந்திருப்பது அப்போது தெரியவே தெரியாது. கிளீன் எதற்கு என்றால், நீக்கப்பட்ட ஜாவா ஃபைலின் பழைய கிளாஸ் ஃபைல் டார்கெட் ஃபோல்டரில் தங்கிப்போய், இல்லாததை இருப்பதாகக் காட்டக்கூடும்.

உங்கள் ப்ராஜெக்டில் நான்கைந்து மாட்யூல்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். ஒரு மாட்யூலுக்குள் போய் அதை மட்டும் கம்பைல் செய்தால், அது சார்ந்திருக்கும் பக்கத்து மாட்யூலை மேவன் எங்கிருந்து எடுக்கிறது? உங்கள் ஹோம் ஃபோல்டரில் எம்2 என்ற களஞ்சியம் இருக்கிறதே, அங்கே எப்போதோ இன்ஸ்டால் ஆன பழைய ஜாரை (கம்பைல் ஆன ஜாவா தொகுப்பை) எடுக்கிறது. புது மாற்றத்தோடு சரிபார்த்ததாக நீங்கள் நினைப்பீர்கள். கம்பைலர் போன மாதத்து மாட்யூலோடு சரிபார்த்திருக்கும். எனவே மேல் ஃபோல்டரிலிருந்தே ஓட்டுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது.

சிவப்பு வந்தால் மிரள வேண்டாம். ஜாவா கம்பைலர் இயல்பாக 100 எரர் வரை அச்சிட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும். அந்த நூறையும் படிக்காதீர்கள். முதலாவதை மட்டும் படியுங்கள். ஒரு இம்போர்ட் (வெளியே இருக்கும் கிளாஸை அழைத்துவரும் வரி) கிடைக்காவிட்டால் அதை நம்பிய ஒவ்வொரு வரியும் தனித்தனியாக அலறும்; மூலத்தைச் சரிசெய்தால் மொத்தமாக அடங்கிவிடும். உங்கள் விஷயத்தில் எட்டு இம்போர்ட் வரிகளைத் திருத்தினால் என்டிட்டி பகுதி கம்பைல் ஆகிறது. லாகின் பகுதியைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள், புதிதாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்றும் தேறவில்லை என்றால் "கிட் ஒர்க்ட்ரீ ரிமூவ்", சேமிக்காத மாற்றம் இருப்பதால் "ஃபோர்ஸ்" விருப்பத்தோடு. உங்கள் வேலை ஃபோல்டர் காலையில் இருந்த மாதிரியே இருக்கும்.

கேள்வி: மேடம், மதுரையில் பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ப்ராஜெக்ட் பைத்தானில். பைத்தானுக்கு கம்பைலே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு சோதனை இல்லையா?

கம்பைல் உண்டு, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. நீங்கள் எழுதியதைப் பைட்கோட் என்ற இடைநிலை வடிவமாக மாற்றிய பிறகே பைத்தான் ஓட்டுகிறது. ப்ராஜெக்டுக்குள் பைகேச் என்று ஒரு ஃபோல்டர் தானாக முளைக்கிறதே, அதில் இருப்பவை அந்தப் பைட்கோட் ஃபைல்கள்தாம். இந்த மாற்றத்தை மட்டும் தனியாகச் செய்து பார்க்க, பைத்தானோடு வரும் "பை கம்பைல்" மாட்யூல் போதும். முழு ஃபோல்டருக்கு "கம்பைல் ஆல்". நிரலை ஓட்டாமலேயே சோதிக்கும் என்பதால் டேட்டாபேஸில் எதுவும் மாறிவிடுமோ என்ற பயம் இல்லை.

ஆனால் இது பிடிப்பது இலக்கணப் பிழைகளை மட்டும்தான்: மூடாத அடைப்பு, உள்தள்ளலில் குழப்பம், பாதியில் அறுந்த ஃபைல். வேர்டிலோ சில ஃபோன் கீபோர்டுகளிலோ புகுந்து வந்த நிரலில் நேரான மேற்கோள்குறி வளைந்துபோயிருந்தாலும் பிடிக்கும். நம்மைப் போலத் தமிழ்ச் சொற்களை நிரலுக்குள் வைக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த தமிழோடு யு+200பி என்ற அகலமே இல்லாத எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். அது மேற்கோளுக்கு வெளியே விழுந்தால், அச்சாகாத எழுத்து என்று எண்ணோடு பைத்தான் காட்டிக்கொடுத்துவிடும். மேற்கோளுக்குள் விழுந்தால் பேசாமல் விட்டுவிடும். அப்புறம் ஊர்ப் பட்டியலில் "சேலம்" என்று தேடினால் கண்ணெதிரே இருக்கும் சேலம் கிடைக்காது.

பை கம்பைல் பிடிக்காதது எது என்பதற்கு ஒன்றைக் காட்டுகிறேன். அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியில் டேட்டாஃப்ரேமுக்கு அப்பெண்ட் என்ற மெத்தட் இருந்தது. 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0இல் அதை எடுத்துவிட்டார்கள். கான்கேட் பயன்படுத்த வேண்டும். ஏஐ இன்றும் பழைய அப்பெண்டை எழுதிக் கொடுப்பதைப் பார்க்கிறேன். பை கம்பைல் அதைத் தாராளமாகத் தேர்ச்சி செய்யும், ஏனென்றால் புள்ளிக்குப் பிறகு எந்தப் பெயர் வந்தாலும் இலக்கணப்படி சரி. அந்த வரி ஓடும் நொடியில்தான் விழும். அதனால் அடுத்த படியாக, வரையறுக்காத பெயர்களைப் பிடிக்க ரஃப் அல்லது பைஃப்ளேக்ஸ், லைப்ரரியில் அந்த மெத்தட் இருக்கிறதா என்று பார்க்க மைபை அல்லது பைரைட், இவற்றையும் ஓட்டுங்கள். பை கம்பைலோடு இந்த இரண்டு வகைக் கருவிகளும் சேர்ந்தால் ஜாவாக்காரர்களுக்கு கம்பைலர் தருகிற பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

பைத்தானில் எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. ஏஐ ஃபைலை முழுதாகத் திருப்பித் தராமல், "மற்றவை முன்பு இருந்தபடியே" என்று ஒரு கமெண்ட் வரி எழுதிவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். நீங்கள் அதை அப்படியே பழைய ஃபைலின் மேல் ஒட்டினால், அந்த ஒற்றைக் கமெண்ட் இருந்த இடத்தில் நான்கு ஃபங்ஷன்கள் காணாமல் போயிருக்கும். கமெண்ட் என்பதால் இலக்கணம் சரி. ஜாவாவாக இருந்தால் அந்த ஃபங்ஷன்களை அழைக்கும் ஃபைல்கள் கம்பைலில் விழுந்து காட்டிக்கொடுக்கும். பைத்தானில், மாதக் கடைசியில் அறிக்கை எடுக்கும்போது மட்டும் கூப்பிடப்படும் ஃபங்ஷன் என்றால், மாதக் கடைசி வரை யாருக்கும் தெரியாது. எனவே எது மாறியது என்று காட்டும் கிட் டிஃப்பில் நீக்கப்பட்ட வரிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு சின்னத் திருத்தம் கேட்ட இடத்தில் 140 வரி நீங்கியிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

வெர்ஷனும் முக்கியம். மேட்ச் வாக்கியம் 3.10இல்தான் வந்தது. எஃப்-ஸ்ட்ரிங்குக்குள் அதே வகை மேற்கோளை மறுபடி எழுதுவது 3.12 முதல்தான் செல்லும். உங்கள் லேப்டாப்பில் தேர்ச்சி பெற்றது கல்லூரி சர்வரின் பழைய பைத்தானில் இலக்கணப் பிழை. எங்கே ஓடப்போகிறதோ அந்த வெர்ஷனில் சோதியுங்கள்.

மற்ற மொழிக்காரர்களுக்கும் சேர்த்து: பிஎச்பிக்கு "எல்" விருப்பம், நோடுக்கு "செக்", பாஷ் ஸ்கிரிப்டுக்கு "என்". மூன்றுமே ஓட்டாமல் இலக்கணம் மட்டும் பார்ப்பவை.

கேள்வி: ஏஐ தந்த நிரலைச் சோதித்தேன். ஒரு பேக்கேஜ் கிடைக்கவில்லை என்றது. அது சொன்ன பெயரைப் பிப்பில் (பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் கருவி) இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும் அல்லவா? – திருநெல்வேலி வாசகர்

பொறுங்கள், இன்ஸ்டால் செய்யாதீர்கள். முதலில் அந்தப் பெயரில் உண்மையான பேக்கேஜ் இருக்கிறதா, யார் வெளியிட்டது, எத்தனை ஆண்டாக இருக்கிறது, மூல ரெப்போ எங்கே என்று பாருங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வெளியிட்ட ஆய்வில், 16 மாடல்களைக் கொண்டு 5,76,000 நிரல் மாதிரிகளை எழுதவைத்துப் பார்த்தார்கள். பரிந்துரைக்கப்பட்ட பேக்கேஜ்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை எங்குமே இல்லாதவை. இப்படிக் கற்பனையாகப் பிறந்த தனித்தனிப் பெயர்கள் மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டின.

இல்லாத பேக்கேஜ் என்றால் எரரோடு போய்விடுமே என்று நினைக்கலாம். ஒரே கற்பனைப் பெயரை மாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் ஆபத்து. அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு ஒருவன் தீய நிரலை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் அப்படி மாடல்கள் அடிக்கடி சொன்ன ஒரு பெயரில் வெறும் பேக்கேஜ் ஒன்றைச் சோதனைக்காக ஏற்றினார். மூன்று மாதத்தில் 30,000க்கு மேல் பதிவிறக்கங்கள். 2024இல் இது வெளியானது.

கம்பைல் பண்ணிப் பார்ப்பதில் என்ன ஆபத்து என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல மொழிகளில் கம்பைல் என்பதே சில நிரல்களை ஓட்டுவதுதான். ரஸ்டில் பில்ட் ஸ்கிரிப்டும் மேக்ரோக்களும் கம்பைலின்போது ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு ப்ராஜெக்டுகளைக் கட்டும் கிரேடிலின் பில்ட் ஃபைலே ஒரு நிரல். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம்மில் இன்ஸ்டால் செய்த கையோடு ஓடும் ஸ்கிரிப்டுகள் உண்டு. பிப்பில் மூலத்திலிருந்து கட்டப்படும் பேக்கேஜின் செட்டப் ஃபைல் இன்ஸ்டாலின்போதே ஓடும். எனவே ஏஐ டிபெண்டன்சி ஃபைலையோ பில்ட் ஃபைலையோ தொட்டிருந்தால், கம்பைல் கொடுக்கும் முன் அந்த வரிகளைக் கண்ணால் படியுங்கள். பிறகு ஒரு கன்டெய்னருக்குள் (கணினியின் மற்ற ஃபைல்களிலிருந்து பிரித்த தனிச் சூழலில்), பாஸ்வேர்டுகளும் கிளவுட் சாவிகளும் இல்லாத இடத்தில், முடிந்தால் நெட் இணைப்பைத் துண்டித்து ஓட்டுங்கள். ஒர்க்ட்ரீக்குப் பாஸ்வேர்டு ஃபைல் வராதது நல்லது என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஆனாலும் ஒர்க்ட்ரீ தனியாகக் காவல் ஆகாது. உங்கள் ஹோம் ஃபோல்டர் அதன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: சென்னையில் ஒரு டீமுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் ஏஜென்ட் கருவி தானே கம்பைல் செய்து, எரரைப் படித்து, திருத்தி, மறுபடி கம்பைல் செய்து, பச்சை வந்த பிறகே எங்களிடம் தருகிறது. இனி நாங்கள் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். கம்பைல் ஆனதா என்பதோடு, எப்படி கம்பைல் ஆக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

நான் பராமரிக்கும் பில்லிங்கில் நடந்ததையே சொல்கிறேன். மொத்தத் தொகையை வைக்கும் மாறி முழுஎண் வகை. வரியைக் கணக்கிடும் பகுதியை மாற்றச் சொன்னபோது ஏஜென்ட் அதை டபுள் வகையில் எழுதியது. கம்பைலர் மறித்தது: "பொருந்தாத வகைகள், டபுளிலிருந்து இன்ட்டுக்கு மாற்றினால் இழப்பு நேரலாம்." ஏஜென்ட் அடுத்த சுற்றில் என்ன செய்தது தெரியுமா? கணக்கின் முன்னால் அடைப்புக்குறிக்குள் இன்ட் என்று ஒரு கட்டாய மாற்றத்தைப் போட்டது. பச்சை வந்துவிட்டது.

1,055 ரூபாய் பொருளுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 189.90. மொத்தம் 1,244.90. பில்லில் வந்தது 1,244. ரூபாய்க்கு முழுமையாக்கினால்கூட 1,245 வர வேண்டும். இந்தக் கட்டாய மாற்றம் முழுமையாக்காது, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறியும். கம்பைலர் எந்த இழப்பைச் சொல்லி எச்சரித்ததோ, அதே இழப்பை உறுதி செய்துகொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்றது அந்தத் திருத்தம். டிஃப்பைப் படித்தபோது அது கண்ணில் பட்டதால் வாடிக்கையாளர் வரை போகவில்லை. அங்கே தேவைப்பட்டது, பணத்தைப் பிக் டெசிமல் வகையில் வைத்து, எப்படி முழுமையாக்குவது என்று வெளிப்படையாக எழுதுவது.

ஒவ்வொரு மொழியிலும் இப்படி வாயடைக்கும் வழிகள் இருக்கின்றன. டைப்ஸ்கிரிப்டில் எனி என்ற வகையும் டிஎஸ்-இக்னோர் கமெண்டும். ரஸ்டில் அன்ராப். ஜாவாவில் வெற்றுக் கேட்ச் பிளாக், சப்ரெஸ் வார்னிங்ஸ் குறிப்பு. எங்குமே, உடைந்த டெஸ்டைக் கமெண்ட் ஆக்கிவிடுவது. உங்கள் டீமில் ரிவ்யூ செய்கிறவர் டிஃப்பைத் திறந்ததும் முதலில் இவற்றைத் தேடட்டும். இவை புதிதாக முளைத்த ஒவ்வொரு இடத்திலும் கம்பைலர் ஏதோ சொல்ல வந்திருக்கிறது. டெஸ்ட் ஃபோல்டரை ஏஜென்ட் தொடக்கூடாது என்று அனுமதியிலேயே பூட்டிவிடுங்கள். மூன்று சுற்றுக்குள் பச்சை வரவில்லையா, நிறுத்துங்கள். வேலையைச் சின்னதாக உடைத்துப் புதிதாகக் கேளுங்கள். சுற்று கூடக் கூட, திருத்தம் நோக்கத்திலிருந்து விலகி, எரரை மறைப்பதிலேயே போய் முடிகிறது.

நேர்மையாக கம்பைல் ஆன நிரலும் தவறாக இருக்கலாம். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகச் சரிசெய்த குறை நினைவிருக்கும். மனிதர் எழுதிய சி நிரல்தான் அது. இணையப் பாதுகாப்புக்கான சரிபார்ப்பில் "கோட்டூ ஃபெயில்" என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதலாவது இஃப் நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் ஓடியது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி தாண்டப்பட்டது. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. எட்டவே முடியாத வரிகள் இருப்பதாக எச்சரிக்கும் வசதி கிளாங் கம்பைலரில் உண்டு. ஆனால் "வால்" என்று எல்லா எச்சரிக்கைகளையும் கேட்பதுபோல் பெயர் கொண்ட விருப்பத்தில் அது சேராது. தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் பில்டில் எந்தெந்த எச்சரிக்கைகள் இயங்குகின்றன என்று இந்த வாரமே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: சேர்க்கும் முன் சோதிப்பதால் உண்மையில் பலன் இருக்கிறது என்று யாராவது அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் என்ற கருவியில், மாடல் ஒரு திருத்தம் செய்தால் முதலில் லின்டர் (நிரலை ஓட்டாமலேயே பிழை தேடும் கருவி) ஓடும். இலக்கணப் பிழை இருந்தால் அந்தத் திருத்தம் ஃபைலில் சேராது. பிழை என்ன என்று மாடலுக்குச் சொல்லி மறுபடி எழுதச் சொல்வார்கள். உண்மையான பைத்தான் ப்ராஜெக்டுகளிலிருந்து எடுத்த 300 சிக்கல்களில், இந்தத் தடுப்பு இருந்தபோது 18 சதவீதம் தீர்ந்தது. தடுப்பை எடுத்துவிட்டு அதே மாடலை ஓட்டியபோது 15. அதாவது 54க்கும் 45க்கும் உள்ள வித்தியாசம், வெறும் இலக்கணச் சோதனையால் மட்டும். பிழையான ஃபைலின் மேல் அடுத்த திருத்தம், அதன் மேல் இன்னொன்று என்று மாடல் சிக்கிக்கொள்வது இதனால் குறைகிறது. மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். பஞ்ச் கார்டு காலத்தில் ஃபோர்ட்ரான் எழுதியவன். கார்டுக் கட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டும் என்பதால், கொடுக்கும் முன் காகிதத்தில் மதிப்புகளைப் போட்டு வரி வரியாக ஓட்டிப் பார்ப்போம். இந்தக் காலத்தில் அது தேவையா?

தேவை, ஐயா. கம்பைல் இன்று சில நொடிகளில் முடிவதால் இலக்கணத்துக்காகக் காகிதம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கு சரியா என்பதற்கு உங்கள் வழிதான். ஏஐ தந்த ஃபங்ஷனில் பூஜ்யம், எதிர்மறை எண், எல்லையில் நிற்கும் எண், இந்த மூன்றையும் போட்டுக் கையால் ஓட்டிப் பார்க்கச் சொல்லி மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். முழுஎண்ணை முழுஎண்ணால் வகுக்கும் இடத்தில் மிச்சம் காணாமல் போவதை ஜாவா கம்பைலர் சொல்லாது, பென்சில் சொல்லிவிடும். உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது நிரல் எழுதினால் ஒரு மாலை பக்கத்தில் உட்காரவைத்துச் செய்துகாட்டுங்கள்.

கேள்வி: அக்கா, என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். ஆண்ட்ராய்டு ப்ராஜெக்டை முழு பில்ட் கொடுத்தால் ஃபேன் கத்திக்கொண்டே இருக்கிறது, கால் மணி நேரம் போய்விடுகிறது. ஒவ்வொரு ஏஐ திருத்தத்துக்கும் இப்படிக் காத்திருக்க முடியவில்லை. – தருமபுரி வாசகி

முழு பில்ட் வேண்டாம் தங்கச்சி. ஏபிகே உருவாக்கும் வேலையெல்லாம் இந்தச் சோதனைக்குத் தேவையில்லை. கிரேடிலில் "கம்பைல் டீபக் காட்லின்" என்ற டாஸ்க்கை மட்டும் ஓட்டுங்கள். காட்லின் நிரல் கம்பைல் ஆகிறதா என்று பார்த்துவிட்டு நின்றுவிடும். டிபெண்டன்சிகள் ஏற்கெனவே இறங்கியிருந்தால் "ஆஃப்லைன்" விருப்பமும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற மொழிகளிலும் இப்படி உண்டு: ரஸ்டுக்கு கார்கோ செக், டைப்ஸ்கிரிப்டுக்கு "நோ எமிட்", ஜிசிசிக்கு "சின்டாக்ஸ் ஒன்லி". மெஷின் கோட் உருவாக்காமல் பிழைகளை மட்டும் பார்த்துச் சொல்பவை.

அதுவும் தாங்காவிட்டால் வேலையை வெளியே தள்ளுங்கள். ஏஐ திருத்தத்தை மெயினில் சேர்க்காமல் தனி பிராஞ்சில் புஷ் செய்து, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் கம்பைல், டெஸ்ட் இரண்டையும் ஓடவிடுங்கள். பொது ரெப்போவுக்கு இது இலவசம். ரகசியச் சாவிகள் எதையும் அந்த ஒர்க்ஃப்ளோவுக்குக் கொடுக்காதீர்கள். கம்பைலுக்கு அவை வேண்டியதில்லை. ரெப்போ செட்டிங்ஸில் பிராஞ்ச் பாதுகாப்பு விதியைத் திறந்து, மெயினுக்கு இந்தச் சோதனையில் தேர்ச்சி கட்டாயம் என்று குறித்துவிடுங்கள். சிவப்பாக இருக்கும் வரை மெர்ஜ் ஆகாது. அது அங்கே ஓடுகிற நேரத்தில் லேப்டாப்பை ஆறவிட்டு, டிஃப்பை ஃபோனிலேயே படித்துவிடலாம்.